எச்.ஐ.வி. சோதனை எனக்கு எதற்கு? தோட்டத்துப் பட்டணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தனியார் கிளினிக்கின் மருந்து கவுண்டரில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். இப்போது வருடத்துக்கு மூன்று நான்கு முறை கோயில் மண்டபத்தில் இரத்தப் பரிசோதனை நடக்கும்போது பெயர் பதியும் மேசையில் உட்காருகிறேன். இனிப்புநீர், இரத்த அழுத்தம், கொழுப்பு என்றால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வருகிறவர்கள், "எச்.ஐ.வி.யும் சேர்த்துப் பார்த்துவிடலாமா?" என்று கேட்டதும் மடித்த கையை இறக்கிவிடுகிறார்கள். இறக்கிக்கொண்டே ஏதாவது ஒரு கேள்வியும் கேட்பார்கள். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளினிக்கோ, வார்டோ, அவசரப் பிரிவோ, பெரியவர்களுக்கு எங்கே இரத்தம் எடுத்தாலும் அங்கே எச்.ஐ.வி. சோதனை வேண்டுமா என்று ஆள் பார்க்காமல் எல்லாரிடமும் கேட்க வேண்டும். வேண்டாதவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். முகத்தைப் பார்த்து "இவருக்குத் தேவை, அவருக்குத் தேவையில்லை" என்று முடிவு செய்யும் பழக்கத்தால் எத்தனையோ பேருக்குக் காலம் கடந்து தெரிய வருகிறது.

நான் உண்டு, என் குடும்பம் உண்டு என்று இருப்பவன். என்னைப் பார்த்து இதைக் கேட்கலாமா?

இதற்கு என் சித்தப்பாவைத்தான் பதிலாகச் சொல்வேன். சொல்லச் சொன்னதும் அவர்தான், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். தெற்கே வேறொரு ஊரில் குடியிருந்தார். திருநீறு பூசாமல் லோரியில் ஏற மாட்டார். ஐம்பத்திரண்டு வயதில் இடுப்பில் அக்கி வந்தது. கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள், ஆறிவிட்டது. ஏழு மாதத்தில் மறுபடியும் அக்கி. அப்புறம் வாயெல்லாம் வெள்ளையாகப் படிந்து காரம் சாப்பிட முடியவில்லை. உடம்பு இளைத்தது. அந்தத் தீபாவளிக்கு நாங்கள் போயிருந்தபோது வாசற்படியில் உட்கார்ந்து, பெல்ட்டைத் தரையில் வைத்து, ஆணியும் சுத்தியலுமாக அதில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஏற்கெனவே அப்படிப் போட்ட ஓட்டைகள் இரண்டு இருந்தன.

இரண்டு வருடத்தில் நான்கு கிளினிக் ஏறி இறங்கினார். ஏழெட்டு முறை இரத்தம் எடுத்திருப்பார்கள். இனிப்புநீர் பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், நெஞ்சுப் படம் எடுத்துக் காசநோய் இல்லை என்றார்கள். எச்.ஐ.வி. என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. நெற்றியைப் பார்த்துவிட்டு, இவரிடம் போய்க் கேட்பதா என்று தயங்கியிருப்பார்கள். கடைசியில் வலது கண்ணில் புகை படிந்த மாதிரி ஆகி, வார்டில் படுக்க வைத்த பிறகுதான் ஓர் இளம் டாக்டர் கேட்டார். சித்தப்பா கோபித்துக்கொள்ளவே இல்லை. "பாருங்க டாக்டர்" என்றார், அவ்வளவுதான். நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்கள் நல்ல உடம்பில் 500-க்கு மேல் இருக்கும். அவருக்கு 40 கூட இல்லை. அந்த நிலையில்தான் சைட்டோமெகலோ என்ற வைரஸ் விழித்திரையைத் தின்றுவிடும், அவருக்கும் அதுதான் நடந்தது. உயிர் பிழைத்தார். வலது கண் போனது, லோரி வேலையும் போனது.

அவருக்கு எப்படி வந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் கேட்கவில்லை. முதல் அக்கியின்போதே ஒரு குழாய் இரத்தம் கூடுதலாக எடுத்திருந்தால் கண் தப்பியிருக்குமே என்பதுதான் என் மனத்தில் நிற்கிறது.

இதெல்லாம் நம் ஆட்களுக்கு வருகிற நோயா?

1986-இல் சென்னையிலும் இப்படித்தான் பேசினார்கள். அது வெளிநாட்டுக்காரர்கள் நோய், நம் பண்பாட்டுக்குள் வராது என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனிடம் படித்த நிர்மலா என்ற மாணவி, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் இரத்தம் சேகரித்து, அதைச் சோதிக்க வசதி இருந்த வேலூருக்கு எடுத்துக்கொண்டு போனார். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. இந்தியாவில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான். பார்த்ததால் தெரிந்தது. பார்க்காமல் இருந்திருந்தால் இன்னும் பல வருடம் "நம்மிடம் இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்திருப்போம்.

மலேசியாவிலும் முதல் நோயாளிகள் தெரிய வந்தது அதே 1986-இல்தான். தொடக்கத்தில் இங்கே பெரும்பாலும் போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டதால் பரவியது. தோட்டப்புறங்களில் அப்படிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் உண்டு, யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. 2002-இல் ஒரே வருடத்தில் 6,978 புதிய நோயாளிகள் பதிவானார்கள், அதுதான் உச்சம். பிறகு 2005, 2006 வாக்கில் போதைக்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோன் மருந்துச் சிகிச்சையும் சுத்தமான ஊசி கொடுக்கும் திட்டமும் வந்ததால் ஊசி வழியாகப் பரவுவது வெகுவாகக் குறைந்தது. இன்று புதிதாகத் தொற்றுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உடலுறவு வழியாகத்தான் வருகிறது. ஆனால் ஊரில் மட்டும் இன்னமும் "ஊசிக்காரன் நோய்" என்றே நினைக்கிறார்கள். ஊசியே தொடாதவர்கள் தங்களுக்கு இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

எல்லாருக்கும் பார்ப்பது என்றால் கட்டாயப்படுத்துவதுதானே?

இல்லை. கட்டாயம் வேறு, வழக்கமாகக் கேட்பது வேறு. "உங்களுக்கு இன்று இரத்தம் எடுக்கிறோம், அதில் எச்.ஐ.வி.யும் பார்ப்போம், இது எல்லாருக்கும் செய்வது, வேண்டாம் என்றால் சொல்லுங்கள்" என்று தெரிவிப்பது வழக்கமான சோதனை. மறுத்தால் மருத்துவத்தில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது. சொல்லாமல் எடுப்பதோ, மறுத்தால் முகம் சுளிப்பதோ இதில் சேராது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2006-லேயே, 13 வயது முதல் 64 வயது வரை எந்த மருத்துவ நிலையத்துக்கு வந்தாலும் இப்படிச் சோதிக்கலாம், தனி ஒப்புதல் படிவம் தேவையில்லை, வாயால் சொன்னால் போதும் என்று பரிந்துரை செய்தது. இங்கிலாந்தில் 2022 ஏப்ரலிலிருந்து லண்டன், மான்செஸ்டர், பிரைட்டன் போன்ற தொற்று அதிகமுள்ள ஊர்களின் அவசரப் பிரிவுகளில், வேறு காரணத்துக்காக இரத்தம் எடுக்கிறவர்களுக்கு எச்.ஐ.வி.யும் கல்லீரல் அழற்சி பி, சி வைரஸ்களும் சேர்த்தே பார்க்கிறார்கள். கால் முறிந்து வந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்று வந்தவர் எல்லாரும் அதில் அடக்கம். எனக்கு இதில் பிடித்ததே, யாரும் யாரையும் ஒன்றும் நினைக்க இடமில்லை என்பதுதான். எல்லாரிடமும் கேட்டால் கேட்பது அவமானம் ஆகாது.

இங்கே இப்போது யார் யாருக்குப் பார்க்கிறார்கள்?

இரத்ததானம் செய்பவர்களுக்கு, காசநோய் உறுதியானவர்களுக்கு, பால்வினை நோய்க்காக வருகிறவர்களுக்கு, சிறையில் இருப்பவர்களுக்கு. திருமணத்துக்கு முன் முஸ்லிம் இணையர்களுக்கு உண்டு, 2001-இல் ஜொகூர் மாநிலம் அதைத் தொடங்கியது. நம்மவர்கள் பதிவுத் திருமணம் செய்ய அது தேவைப்படுவதில்லை, விரும்பினால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரியது கர்ப்பிணிகளுக்கான சோதனை. 1998-இலிருந்து அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் கர்ப்பப் பதிவுக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இது வழக்கமாக நடக்கிறது. தமிழ்ப் பெண், மலாய்ப் பெண், படித்தவர், படிக்காதவர் என்ற பேச்சே இல்லை. ஒன்றும் செய்யாமல் விட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு 15 முதல் 45 விழுக்காடு வரை தொற்றும். மருந்து கொடுத்தால் 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். அப்படிச் செய்துதான் 2018-இல் தாய்வழித் தொற்றை ஒழித்த நாடு என்று மலேசியா உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது, மேற்குப் பசிபிக் வட்டாரத்திலேயே முதலாவதாக. ஆக, எல்லாரிடமும் கேட்டால் மக்கள் ஓடிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இருபது வருடத்துக்கு மேலாக நம் பெண்கள் கையை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதில் ஒரு வேதனை உண்டு, அதையும் எழுத வேண்டும். மனைவிக்குப் பார்க்கிறோம், புருஷனுக்குப் பார்ப்பதில்லை. வீட்டில் முதலில் தெரிய வருவது அவளுக்கு, அதனால் கொண்டுவந்தவளும் அவளே என்று ஆகிவிடுகிறது. கவுண்டரில் இருந்தபோது ஒரு பெண்ணைப் பார்த்தேன். ஐந்து மாதம், கையில் அந்த ரோஸ் நிறக் கர்ப்பப் புத்தகம். மாமியார் கிளினிக்குக்கு வெளியே நின்றுகொண்டு அவளை உள்ளே தனியாக அனுப்பினார். புருஷன் வரவே இல்லை. அவன் சோதனைக்குப் போனது குழந்தை பிறந்த பிறகு, அதுவும் பல பேர் சொல்லி. அவனுக்கு அது பல வருடமாக இருந்திருக்கிறது. பல்வலி, காய்ச்சல், வேலையிடத்துக் காயம் என்று கிளினிக்குக்கு வந்த ஒரு நாளில் அவனுக்கும் பார்த்திருந்தால், அவள் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். கர்ப்பப் பதிவன்று கூட வரும் கணவருக்கும் அதே நாற்காலியில் இரத்தம் எடுத்தால் என்ன? எனக்கு இதைவிட எளிய ஏற்பாடு தோன்றவில்லை.

வருடா வருடம் புல் பிளட் டெஸ்ட் செய்கிறேனே, அதில் தெரிந்திருக்காதா?

தெரியாது. இது பலருக்கும் இருக்கும் தவறான நினைப்பு. சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், இரத்த அணு எண்ணிக்கை எல்லாம் பார்த்தாலும் எச்.ஐ.வி.யைத் தனியாக எழுதிக் கேட்டால்தான் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் "எச்.ஐ.வி." என்று ஒரு வரி இல்லையென்றால் உங்களுக்குப் பார்க்கவில்லை. என் சித்தப்பாவிடம் ஒரு பிளாஸ்டிக் கோப்பு நிறைய ரிப்போர்ட் இருந்தது.

எப்படிச் செய்வார்கள்? வலிக்குமா?

மண்டபத்தில் செய்வதைச் சொல்கிறேன். மிஸ்ஸி, அதாவது தாதி, உங்கள் விரல் நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஒரு சின்ன ஊசியால் டக்கென்று குத்துவார். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டை மெல்லிய குழாயில் எடுத்து, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான வெள்ளைத் தட்டில் உள்ள குழியில் விடுவார். மேலே இரண்டு சொட்டு திரவம். அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான், கிட்டைப் பொறுத்துப் பதினைந்து இருபது நிமிடம். இரத்தம் இளஞ்சிவப்பாக மெதுவாக ஊர்ந்து போகும். ஒரு கோடு விழுந்தால் சோதனை ஒழுங்காக நடந்தது, தொற்றுக்கான அடையாளம் இல்லை என்று பொருள். இரண்டு கோடு விழுந்தால் அடுத்த கட்டச் சோதனைக்குப் போக வேண்டும். கோடே விழவில்லையென்றால் அந்தத் தட்டு வீண், இன்னொன்றில் மறுபடி செய்வார்கள்.

அந்த இருபது நிமிடமும் எல்லாரும் கைப்பேசியைப் பார்ப்பது போல உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரும் திரையைத் தள்ளுவதில்லை. அதனால் நான் இப்போது அந்த நேரத்தில் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்து, ஊர்ப் பேச்சுப் பேசுகிறேன்.

கிளினிக்கிலோ வார்டிலோ என்றால் கை நரம்பில் எடுக்கும் இரத்தத்தோடு இன்னொரு சின்னக் குழாய், அவ்வளவே. கூடுதலாக ஒரு குத்துக்கூடக் கிடையாது.

இரண்டு கோடு விழுந்தால் முடிந்தது கதையா?

இல்லவே இல்லை, இதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். முதல் சோதனை ஒரு வலை, சந்தேகம் உள்ள எதையும் விடக் கூடாது என்று நெருக்கமாகப் பின்னப்பட்டது. அதனால் சில நேரம் தொற்று இல்லாதவரையும் பிடித்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் பேருக்குப் பார்க்கிறோம், அவர்களில் 20 பேருக்கு உண்மையிலேயே இருக்கிறது என்று வையுங்கள். சோதனை ஆயிரத்துக்கு ஐந்து பேரைத் தவறாகக் காட்டுகிறது என்று வைத்தால், இல்லாதவர்களில் ஏறக்குறைய 50 பேருக்கும் "ரியாக்டிவ்", அதாவது இரண்டு கோடு, என்று வரும். ஆக, வலையில் விழுந்த 70 பேரில் 50 பேர் நோயே இல்லாதவர்கள். உறுதிச் சோதனை செய்யாமல் யாருக்கும் எச்.ஐ.வி. என்று சொல்லக் கூடாது என்பது இதனால்தான். தொற்று குறைவாக உள்ள இடத்தில் எல்லாருக்கும் பார்க்கப் பார்க்க இந்தத் தவறான ரியாக்டிவ் எண்ணிக்கை கூடும். எல்லாருக்கும் பார்க்க வேண்டும் என்று நான் வாதாடுகிறேன் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன். உறுதிச் சோதனை முடிவு வரும்வரை அந்த மனிதரோடு பேச ஓர் ஆள் இல்லாத கிளினிக், சோதனையைத் தொடங்கவே கூடாது. ரியாக்டிவ் என்று ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினால் திங்கட்கிழமை வரை அவர் எப்படி இருப்பார்?

போன வாரம் ஒரு தப்பு நடந்துவிட்டது. இன்றைக்கே பார்க்கலாமா?

இன்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். 28 நாள் மருந்து எடுத்துத் தொற்றைத் தடுக்கும் வழி உண்டு, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அந்த நேரம் தாண்டிவிட்டால் காத்திருந்து பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் செய்யும் புதிய வகைச் சோதனை பெரும்பாலும் 18 முதல் 45 நாளுக்குள் காட்டிவிடும், விரல் சோதனைக்கு மூன்று மாதம்வரை ஆகலாம். அதுவரை ஆணுறை.

கொசு கடித்தால், ஒரே டம்ளரில் குடித்தால்?

வராது. கழிப்பறை, துண்டு, சோற்றுத் தட்டு எதனாலும் வராது.

மிஸ்ஸியே என் பக்கத்து வீட்டுப் பெண். ஊர் முழுக்கத் தெரிந்துவிடாதா?

எங்கள் ஊரில் எச்.ஐ.வி.யைவிட இந்தப் பயம்தான் பெரியது. தோட்டத்தில் லயத்து வீட்டுச் சுவருக்குக் காது உண்டு என்பார்கள். தோட்டத்தை விட்டுத் தாமான் என்னும் குடியிருப்புக்குக் குடி வந்த பிறகும் சுவர்தான் மாறியிருக்கிறது. கிளினிக் வரிசையில் உங்களைப் பார்த்தவர் பசியாறும் நேரத்துக்குள் உங்கள் அக்காவிடம் சொல்லியிருப்பார்.

இதற்கு நான் கண்ட நல்ல மருந்தும் எல்லாருக்கும் வழக்கமாகப் பார்ப்பதுதான். எச்.ஐ.வி.க்கு என்று தனி அறை, தனிக் கதவு, தனி நாள் என்று வைத்தால் அந்தக் கதவுக்குள் போகிறவரை ஊரே பார்க்கும். இனிப்புநீருக்கு இரத்தம் கொடுக்கும் அதே நாற்காலியில் எல்லாருக்கும் எடுத்தால் யார் எதற்கு உட்கார்ந்தார் என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் முடிவைச் சொல்லும் விதத்தில் ஒழுங்கு வேண்டும். கவுண்டரில் பேரைக் கூவி அழைத்து ஒரு வார்த்தை உரக்கச் சொன்னால் போதும், ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போய்விடும். அப்படி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். சொன்ன ஆள் கெட்டவர் இல்லை, அவசரத்தில் சொல்லிவிட்டார். நல்லது கெட்டது எதுவானாலும் எல்லாருடைய முடிவையும் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்ல வேண்டும். தொற்று உள்ளவருக்கு மட்டும் கதவைச் சாத்தினால், சாத்திய கதவே சொல்லிவிடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உறுதியான எச்.ஐ.வி. தொற்றைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் 1988-இன்படி மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு டாக்டர் தெரிவிக்க வேண்டும். அது சுகாதாரத் துறைக்குள் இருக்க வேண்டிய தகவல், உங்கள் முதலாளிக்கோ கோயில் கமிட்டிக்கோ போகிற தகவல் இல்லை. உள்ளூரில் மனம் ஒப்பவில்லையென்றால் ஈப்போவுக்கோ கோலகங்சாருக்கோ பஸ் ஏறுங்கள், தவறே இல்லை. அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் பெயர் கொடுக்காமல் செய்துகொள்ளும் சோதனையும் உண்டு. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் கிட்டும் இருக்கிறது. அதில் இரண்டு கோடு வந்தாலும் உறுதிச் சோதனைக்குக் கட்டாயம் போக வேண்டும்.

வேலை போய்விடுமா?

மலேசியர்களுக்கு 2001-இலேயே வேலையிட எச்.ஐ.வி. நடைமுறைக் குறிப்பு ஒன்று வந்துவிட்டது. வேலைக்கு எடுப்பதற்கு எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது, தொற்று உள்ளவரை வேறுபடுத்தக் கூடாது என்பது அதன் சாரம். அது வழிகாட்டிதான், மீறினால் உடனே தண்டனை என்று நினைத்துவிடாதீர்கள். சிகிச்சையில் இருப்பவர் குலை வெட்டலாம், லோரி ஓட்டலாம், சமைக்கலாம், பள்ளியில் பாடம் நடத்தலாம்.

செம்பனைத் தோட்டங்களில் நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசிகள், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிகள் கதை வேறு. அவர்களுக்கு வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் உண்டு. இருந்தால் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மருந்து கிடையாது, பேச ஆள் கிடையாது. அதனால் அவர்கள் சோதனை என்ற சொல்லைக் கேட்டாலே ஒளிகிறார்கள். அவர்கள் ஒளிவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. சோதித்தால் மருந்து கிடைக்கும் என்றால் ஆள் வருவான், சோதித்தால் பெட்டியைக் கட்ட வேண்டும் என்றால் எவன் வருவான்? நான் கேட்பது முதல் வகைச் சோதனையை. இரண்டாவதை எங்கும் விரிவாக்கச் சொல்லவில்லை.

இங்கே தொற்று குறைவுதானே, எல்லாருக்கும் பார்ப்பது வீண் செலவு இல்லையா?

நியாயமான கேள்வி. 2007-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும், பொதுமக்களிடையே தொற்று பரவலாக உள்ள நாடுகளில் மருத்துவமனைக்கு வரும் எல்லாரிடமும் கேளுங்கள், நம்மைப் போன்ற நாடுகளில் அறிகுறி உள்ளவர்கள், காசநோயாளிகள், கர்ப்பிணிகள், பால்வினை நோய்க்கு வருகிறவர்கள் என்று இடம் பார்த்துக் கேளுங்கள் என்றுதான் சொன்னது.

சரி, அந்த அளவாவது ஒழுங்காக நடக்கிறதா என்று பாருங்கள். அக்கி, வாயில் வெள்ளைப் படிதல், காரணம் தெரியாத எடைக் குறைவு, விடாத காய்ச்சல், வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, திரும்பத் திரும்ப நிமோனியா: இவற்றில் ஏதாவது ஒன்றோடு வருகிறவருக்கு, வயது என்ன, சாதி என்ன, நெற்றியில் என்ன என்று பார்க்காமல் சோதனை எழுத வேண்டும். ஐரோப்பாவில் இப்படி நோய்க்குறியை வைத்துக் கேட்கும் முறையை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள், சோதித்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேருக்கு இருந்தது. பணம் ஒரே நாளில் வராது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் இதிலிருந்து தொடங்கட்டும், அடுத்து வார்டில் படுக்கிற எல்லாருக்கும், அடுத்து வெளிநோயாளிகளுக்கும். செலவைப் பேசும்போது, காலம் கடந்து வந்து மாதக்கணக்கில் வார்டில் கிடக்கிறவருக்கு ஆகும் செலவையும் சேர்த்துப் பேச வேண்டும். உலகம் முழுக்க 2023-இல் ஏறத்தாழ 54 லட்சம் பேர் தங்களுக்கு எச்.ஐ.வி. இருப்பதே தெரியாமல் இருந்தார்கள் என்பது ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு சொல்லும் கணக்கு.

இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன?

மருந்து. அரசு மருத்துவமனைகளில் முதல்நிலை மருந்து மலேசியர்களுக்கு இலவசம். முன்பு சிடி4 இறங்கும்வரை காத்திருந்து மருந்து தொடங்குவார்கள். 35 நாடுகளில் நடந்து 2015-இல் முடிவு வெளியான ஸ்டார்ட் என்ற ஆய்வு, தெரிந்தவுடன் தொடங்கினால் கடும் நோயும் சாவும் பாதிக்கு மேல் குறைகிறது என்று காட்டியது, அதோடு காத்திருப்பு போய்விட்டது. மருந்தை ஒழுங்காக எடுத்து இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டால் உடலுறவு வழியாக இன்னொருவருக்குத் தொற்றாது. இது ஆறுதலுக்குச் சொல்வது இல்லை. பார்ட்னர் என்ற ஐரோப்பிய ஆய்வில், ஒருவருக்குத் தொற்று உள்ள நூற்றுக்கணக்கான இணையர்களை ஆணுறை இல்லாத நிலையில் வருடக்கணக்கில் கவனித்தார்கள். 2016-இலும் 2019-இலும் வெளியான முடிவு ஒன்றுதான், துணையிடமிருந்து தொற்றியவர் ஒருவரும் இல்லை.

சித்தப்பா தினமும் இரவு ஒன்பது மணிக்குச் செய்தி முடிந்ததும் மாத்திரை போடுகிறார். சித்திதான் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். ஒன்பது வருடமாகிறது, சித்திக்குத் தொற்று இல்லை.

ஒரு தடவை பார்த்தால் போதுமா?

புதிய துணை, பால்வினை நோய், ஊசி என்று ஏதாவது இருந்தால் வருடத்துக்கு ஒரு முறையாவது. ஒன்றுமே இல்லையென்றால் வாழ்நாளில் ஒரு முறையாவது பார்த்துவிடுங்கள்.

டாக்டரிடம் எப்படிக் கேட்பது? வெட்கமாக இருக்கிறது.

காரணம் சொல்ல வேண்டியதில்லை. இரத்தம் எடுக்கச் சொல்லும்போது, "டாக்டர், எச்.ஐ.வி.யும் சேர்த்து எழுதிவிடுங்கள்" என்றால் போதும். மலாயில் என்றால், "டோக்டர், உஜியான் எச்.ஐ.வி. செகாலி போலே?" ஏன் என்று கேட்டால், "எல்லாரும் ஒரு முறை பார்க்க வேண்டும் என்கிறார்கள்" என்று சொல்லுங்கள். உங்களுக்குத் தேவையில்லை என்று சிரித்து அனுப்பினால் சிரிக்காமல் இன்னொரு முறை கேளுங்கள். சித்தப்பா தன் டாக்டர்களிடம் ஒரு முறைகூடக் கேட்டதே இல்லை. கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியாது.

மண்டபத்துக்கு வரும்போது வெறும் வயிற்றோடு வர வேண்டுமா?

இனிப்புநீருக்கும் கொழுப்புக்கும்தான் வெறும் வயிறு. எச்.ஐ.வி.க்கு மட்டும் வருகிறவர் நன்றாகப் பசியாறிவிட்டே வரலாம். மேசையில் வந்து எதற்கு என்றுகூடச் சொல்ல வேண்டாம், எல்லாருக்கும் ஒரே சீட்டுதான் எழுதுகிறேன்.